வாசலிலா, வீட்டுக்குள்ளா?

(தியான வாசகம்: லூக். 16: 19 – 31)



ஆண்டவர் யேசு சொன்ன உவமைகளிலே பெயர் சொல்லி அழைக்கப்படும் மனிதன் ஒருவன் மாத்திரமே. அவன் ஓர் ஏழை. பட்டும் பீதாம்பரமும் உடுத்து நாள்தோறும் விருந்துண்ட செல்வந்தனுக்கு அங்கே பெயரில்லை. அவனுடைய வாசலில் உடலெல்லாம் புண்ணாய்க் கிடந்தவனுக்கு லாசர் என்ற பெயர் இருக்கிறது.

இவ்வுவமையை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனாலும் ஒன்றைக் கவனித்தோமா? செல்வந்தன் லாசரை அடித்தான் என்று ஆண்டவர் சொல்லவில்லை. நாயை ஏவித் துரத்தினான் என்றும் சொல்லவில்லை. மேசையிலிருந்து விழுந்த துணிக்கைகளில் ஒன்றிரண்டு லாசரின் கைக்கு எப்போதாவது எட்டியிருக்கவும் கூடும். செல்வந்தன் செய்த பாவம், லாசரை வாசலிலேயே கிடக்க விட்டதுதான். வாசலுக்கும் மேசைக்கும் நடுவே பத்தடி தூரம் இருந்திருக்கலாம். அந்தப் பத்தடியை அவன் கடக்கவில்லை. மரணத்தின் பின் அதுவே கடக்கவொண்ணாத பெரும் பாதாளமாயிற்று.

வாசலில் நிற்பவனை என்ன செய்வது என்ற இந்தக் கேள்விக்குக் கல்லாலும் சுண்ணாம்பாலும் விடை சொல்ல முயன்ற ஓர் இடம் இங்கிலாந்திலே இருக்கிறது. ஏறக்குறைய 900 ஆண்டுகளாக அந்த விடை சில வேளை சரியாகவும் சில வேளை மிகப் பிழையாகவும் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. வின்செஸ்ரர் நகரின் அருகே உள்ள திருச்சிலுவைத் தருமசாலையே அது. இன்று நாம் மனத்தால் அங்கே ஒரு நாட்பயணம் போய் வருவோம்.

வழியும் வாசலும்

இலண்டனில் வாழும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்கப் போகும் நம்மவர்கள் பலர். அப்படிப் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கினால் இவ்விடத்தைத் தரிசித்து மாலையில் வீடு திரும்பிவிடலாம். வாட்டலூ நிலையத்திலிருந்து வின்செஸ்ரருக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்நகரின் பழம்பெரும் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, இச்சன் ஆற்றின் ஓரமாய்ப் புல்வெளிகளுக்கூடாகத் தெற்கு நோக்கி ஒரு மைல் நடந்தால் தருமசாலை தெரியும். முதலில் கண்ணிற் படுவது பெரிய கோவில். பின்பு வரிசையாய் உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகள்.

முதல் வாசலைக் கடந்தால் வெளிமுற்றம். அதன் எதிரே ஒரு கோபுர வாசல். அங்கேதான் வாயிற்காவலரின் அறை இருக்கிறது. வழிப்போக்கன் ஒருவன் அங்கு நின்று தருமம் கேட்டால், மாட்டுக் கொம்பினாற் செய்த சிறு குவளையில் கொஞ்சம் பியரும் ஒரு துண்டுப் பாணும் கொடுப்பார்கள். ‘வழிப்போக்கர் தருமம்’ என்று அதற்குப் பெயர். நீ யார், எந்தச் சமயம், எந்த ஊர் என்ற விசாரணை இல்லை. கேட்டாற் போதும். அக்காலத்து இங்கிலாந்தில் பியர் சாதாரண மக்களின் அன்றாட பானமாய் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நம் ஊர்களில் தெருவோரத்து மடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் வழிப்போக்கனுக்கு எப்படியோ, அப்படியே அவர்களுக்கு இந்த வாசல்.

வந்தவர்கள் பலர் இவ்வாசலிலே பாண் துண்டைத் தின்று, குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகிழ்ச்சியோடு போய்விடுகிறார்கள். நாம் அப்படிப் போய்விடக்கூடாது. வாசலில் நடப்பது தருமத்தின் தொடக்கம் மாத்திரமே. உள்ளே வாருங்கள்.

நூறு பேரின் மண்டபம்

வெளிமுற்றத்தின் ஒரு பக்கத்திலுள்ள மண்டபத்துக்கு ‘நூறு பேரின் மண்டபம்’ என்று பெயர். தருமசாலையை நிறுவியவர் வின்செஸ்ரரின் ஆயர் புளோவா ஹென்றி. இங்கிலாந்தைக் கைப்பற்றிய நோர்மன் அரசன் வில்லியத்தின் பேரன்; ஸ்ரீபன் அரசனின் சகோதரன். 1132ஆம் ஆண்டுக்கும் 1136ஆம் ஆண்டுக்கும் இடையில் அவர் இதைத் தொடக்கினார்.

நாட்டு மக்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆயர் ஒரு நாள் ஆற்றோரப் புல்வெளியிலே உலாவிக்கொண்டிருந்தாராம். கையில் குழந்தையோடு ஒரு பாற்காரப் பெண் எதிர்ப்பட்டு, பட்டினியால் வாடும் தன் மக்களைக் காட்டி இரந்து நின்றாளாம். அவள் முகத்திலே தேவதாயைக் கண்டவராய் ஆயர் அவ்விடத்திலேயே தருமசாலை கட்டத் தீர்மானித்தாராம். கதை எப்படியோ, அவர் விதித்த ஒழுங்கு நிச்சயமானது. நகரத்து மிக வறியவர்களில் நல்லொழுக்கமுள்ள நூறு பேருக்கு நாள்தோறும் மண்டபத்திலே உணவு கொடுக்க வேண்டும். உண்டு மிஞ்சியதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் உரிமை உண்டு.

இந்தக் கடைசி விதியைச் சற்றுத் தியானியுங்கள். வந்து உண்பவனுக்கு வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்று நினைத்தவர் யாரோ, அவரே இவ்விதியை எழுதியிருக்க முடியும். தன் வயிறு நிறையும்போது பிள்ளையின் முகம் நினைவில் வந்து, உண்ட சோறு தொண்டையில் இறங்காமல் நின்ற அனுபவம் நம்மில் சிலருக்குத் தெரியும். ஏழைக்கும் ஒரு குடும்பம் உண்டு என்பதை மறவாத தருமமே உண்மைத் தருமம்.

ஆயினும் அந்த நூறு பேரும் உண்டபின் எழுந்து போய்விடுவார்கள். அவர்களுக்கு வாசலும் மண்டபமுமே உரியவை. அதற்கும் உள்ளே இன்னும் ஓர் இடம் இருக்கிறது.

பதின்மூவரின் வீடு

கோபுர வாசலுக்கு அப்பால் விசாலமான உள்முற்றம்; நடுவே பசும்புல். ஒரு பக்கத்தில் கோவில், மறுபக்கத்தில் வரிசையாய் வீடுகள். ஆயர் ஹென்றி பதின்மூன்று ஏழை ஆண்களுக்கு இங்கே நிரந்தர இடம் கொடுத்தார். அவர்கள் எப்படிப்பட்டவர்கள்? உழைக்க வலிமையற்றவர்கள், பிறர் கைத்தாங்கல் இன்றி எழுந்து நிற்கவும் இயலாத அளவுக்குத் தளர்ந்தவர்கள். அத்தகையோருக்கே உடையும் படுக்கையும் உணவும் கொடுக்க வேண்டுமென்று அவர் விதித்தார். ஆண்டவரும் அவருடைய பன்னிரு அப்போஸ்தலரும் ஆகிய பதின்மூவரின் நினைவாகவே அந்த எண்ணிக்கை என்பார்கள்.

பதின்மூவரையும் பிச்சைக்காரர் என்று எவரும் அழைத்ததில்லை. அவர்களுக்குச் ‘சகோதரர்’ என்று பெயர். கறுப்பு அங்கியும் அதன் நெஞ்சிலே வெள்ளிச் சிலுவையும் அவர்களுடைய உடை. இன்றும் அதே உடைதான். இப்போது ஏறக்குறைய இருபத்தைந்து சகோதரர் அங்கே வாழ்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சிறு வீடு. அதன் கதவு அவருடைய கதவு. காலைதோறும் அங்கி அணிந்து கோவிலுக்குப் போய்ச் செபத்திலே பங்குகொள்வது அவர்களுடைய கடமை.

கடமை என்றேன். தருமம் பெறும் முதியவருக்கு ஏன் ஒரு கடமை என்று சிலர் கேட்கலாம். வீட்டிலே எவருக்கு ஒரு வேலையும் இல்லையோ, எவர் இல்லாவிட்டாலும் எல்லாம் நடக்குமோ, அவர் அந்த வீட்டிலே விருந்தாளி; சில வேளை பாரம். அந்த முதியவர்களின் கால் தளர்ந்தது, கை நடுங்கியது. ஆயினும் செபிக்க அவர்களால் முடியும். அந்தச் செபத்துக்காகக் கோவில் மணி அவர்களை அழைத்தது. “உங்கள் செபம் எங்களுக்கு வேண்டும்” என்று அந்த வீடு அவர்களுக்குச் சொன்னது. உணவைவிடப் பெரிய தருமம் அது.

கோவிலையும் பாருங்கள். நோர்மன் காலத்து முறையிலே ஒரு மீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள சுவர்கள். கிழக்கே வட்ட வளைவுகளோடு தொடங்கி, மேற்கே கூர் வளைவுகளோடு முடிகிறது. கட்டி முடிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றபடியால், கட்டும் கலையே இடையில் மாறிவிட்டது. பதின்மூன்று ஏழைக் கிழவர்கள் செபிப்பதற்கு இத்தனை பெரிய கோவில் எதற்கு? அரசனின் சகோதரன் செபிக்கும் கோவிலுக்கு எது தகுதியோ, அதுவே தளர்ந்த கிழவன் செபிக்கும் கோவிலுக்கும் தகுதி என்று கட்டியவர்கள் எண்ணினார்கள் போலும்.

நிறுவியவர்கள் அர்ச்சிஷ்டவர்களா?

இப்படிப்பட்ட தருமத்தைத் தொடக்கியவர் ஓர் அர்ச்சிஷ்டவராய் இருந்திருப்பார் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படியல்ல. ஆயர் ஹென்றி அரசியலிலே மூழ்கிய மனிதர். உள்நாட்டுப் போரிலே ஒரு தடவை தன் சகோதரன் ஸ்ரீபனின் பக்கமும், ஒரு தடவை அவருடைய எதிரியான மற்றில்டாவின் பக்கமும் நின்றவர். 1141இல் வின்செஸ்ரர் முற்றுகையின்போது அவருடைய கோட்டையிலிருந்து எறியப்பட்ட நெருப்பினால் நகரின் பெரும் பகுதி எரிந்து போயிற்று. நூறு ஏழைகளுக்கு அமுதளித்த அதே ஆயரின் ஆட்களாலே எத்தனையோ குடும்பங்கள் வீடிழந்தன.

முதுமையிலோ அவர் வேறு மனிதராய்க் காணப்படுகிறார். 1170 டிசெம்பரிலே கன்ரர்பரிப் பேராயர் தோமஸ் பெக்கற் தமது பேராலயத்திலேயே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, மரணப் படுக்கையில் இருந்த ஆயர் ஹென்றியைப் பார்க்க அரசன் இரண்டாம் ஹென்றி வந்தபோது, அந்தக் கொலைக்காக அவர் அரசனை முகத்துக்கு நேரே கண்டித்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூன்று நூற்றாண்டுகளின் பின், 1445 அளவில், அதே ஆயர் இருக்கையில் அமர்ந்திருந்த கருதினால் ஹென்றி போபோட் இந்தத் தருமசாலையை விரிவாக்கினார். முன்பு நன்றாய் வாழ்ந்து பின்பு நொடித்துப்போன கண்ணியமான மனிதருக்காக ‘மேன்மையான வறுமை’ என்ற பெயரோடு ஒரு புதிய பிரிவை ஏற்படுத்தினார். அவர்களுக்குச் சிவப்பு அங்கி. இன்று நாம் நுழையும் கோபுர வாசலும் அவர் காலத்துக் கட்டடமே. இந்தக் கருதினாலும் குறையற்றவர் அல்லர். 1431இல் றூவன் நகரிலே ஜோன் ஓவ் ஆர்க் என்ற கன்னிப்பெண்ணுக்கு எதிராக நடந்த வழக்கிலே, நீதிபதிகளின் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அவர். அவர்கள் தீயில் எரித்த அப்பெண்ணைத் திருச்சபை 1920இல் அர்ச்சிஷ்டவள் என்று பீடத்துக்கு உயர்த்தியது.

இவற்றை ஏன் சொல்கிறேன்? “நான் என்ன அர்ச்சிஷ்டவனா, என்னிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க?” என்று நாம் தட்டிக் கழிக்கக்கூடாது என்பதற்காகவே. பாவிகளான மனிதர் கட்டிய வீட்டிலே தேவன் தம் ஏழைகளைக் குடியேற்றினார். நம்முடைய கையாலும் அவர் அதைச் செய்வார், நாம் கையைக் கொடுத்தால்.

உள்ளே நடந்த களவு

இனிச் சொல்லப் போவது கசப்பானது. ஏழைக்கென்று காணியும் வருமானமும் சேர்ந்த இடத்தைத் தேடிக் கள்வரும் வருவார்கள். அவர்கள் சுவரேறிக் குதித்து வரவில்லை. அதிபர் என்ற பட்டத்தோடு முன்வாசலால் வந்தார்கள்.

14ஆம் நூற்றாண்டிலேயே இது நடந்தது. ஒருவர் பின் ஒருவராக வந்த அதிபர்கள் தானியத்தையும் கால்நடைகளையும் தமதாக்கி, கட்டடங்களைப் பாழாக விட்டார்கள். அப்போதைய ஆயர் விக்கம் வில்லியம் பேசாதிருக்கவில்லை. பல ஆண்டுகள் வழக்காடினார். வழக்கு பாப்பரசர் பதினோராம் கிரகோரி வரை சென்றது. ஆயரே வென்றார். பின்பு 1382இல் தன் நண்பராகிய காம்ப்டன் ஜோன் என்ற குருவை அவர் அதிபராக நியமித்தார். அந்த நல்ல குரு கோவிலையும் வீடுகளையும் திருத்தி எடுத்தார். அவருடைய உருவம் பொறித்த கல்லறைத் தகடு அக்கோவிலிலே இன்றும் இருக்கிறது. ஏழையின் பொருளைத் தின்றவர்களுக்கு அங்கே அப்படியொரு நினைவு இல்லை.

16ஆம் நூற்றாண்டிலே அரசன் எட்டாம் ஹென்றி நாடெங்குமுள்ள மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களைப் பறித்தான். இத்தருமசாலை கலைக்கப்படாமல் தப்பியது. ஆனால் திருச்சபையின் ஐக்கியத்திலிருந்து பிரிந்து அங்கிலிக்கன் சபைக்குரியதாயிற்று. இன்றுவரை அப்படியே இருக்கிறது. பிரிந்து போன சகோதரர்கள் கத்தோலிக்க முன்னோரின் இந்தத் தருமத்தை அணையவிடாமல் காத்து வந்ததற்காக நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பின்னும் பழைய நோய் திரும்பியது. 1696இல் அக்காலத்து அதிபரும் சகோதரரும் ஒரு பத்திரத்தை எழுதிக் கையெழுத்திட்டார்கள். நிறுவியவரின் மூலப் பத்திரங்கள் இல்லாமற் போய்விட்டன, ஆகையால் வழக்கப்படி மிச்ச வருமானம் அதிபருக்கே உரியது என்பது அதன் சாரம். ஏழையின் கையாலேயே ஏழையின் உரிமையை எழுதி வாங்கிவிட்டார்கள்! அந்தப் பத்திரத்தின் நிழலிலே ஒன்றரை நூற்றாண்டு கடந்தது. 1808இல் வின்செஸ்ரர் ஆயர் ஒருவர் தன் சொந்த மகனான பிரான்சிஸ் நோர்த் என்பவரையே அதிபராக்கினார். பின்னர் கில்ட்போட் பிரபு என்ற பட்டத்தையும் பெற்ற அவர், வேறு பங்குகளின் வருமானங்களோடு இந்தத் தருமசாலையின் பெரும் வருமானத்தையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்தார்.

இந்தக் காலத்திலே, 1848இல், புகழ்பெற்ற எழுத்தாளர் இருவர் இங்கே வந்தார்கள். ஒருவர் அமெரிக்கரான எமர்சன், மற்றவர் கார்லைல். வாசலில் நின்று தருமம் கேட்டார்கள். பாணும் பியரும் குறைவின்றிக் கிடைத்தன. நாளொன்றுக்கு இருபது பேரளவில் இப்படிக் கேட்டு வருகிறார்கள் என்று அங்கிருந்த முதிய தம்பதியர் சொன்னார்கள். எழுநூறு ஆண்டுகளாய்த் தொடரும் உபசாரம்! ஆனால் கார்லைல் மகிழவில்லை. ஏழைகளுக்குரிய இரண்டாயிரம் பவுணை ஆண்டுதோறும் தானே எடுத்துக்கொண்டு, கொஞ்சப் பியரிலும் பாண் துணிக்கையிலும் அற்பக் காசைச் செலவிடும் குருவைச் சபித்தார் என்று எமர்சன் எழுதியிருக்கிறார்.

அன்பர்களே, இன்றைய தியானத்தின் மையம் இதுவே. வாசலில் நடந்த தருமம் ஒரு நாளும் நிற்கவில்லை. கொம்புக் குவளை நிரம்பியபடியே இருந்தது. வந்தவர்கள் வாழ்த்தியபடியே போனார்கள். அதே வேளையில் உள்ளே ஏழையின் வீடு கொள்ளை போயிற்று. வாசலிற் கொடுத்த பாண் துண்டு, உள்ளே நடந்த களவுக்குத் திரையாயிற்று.

இறுதியில் வழக்கு வந்தது. 1853இல் நீதிபதி சேர் ஜோன் றொமிலி அந்த 1696ஆம் ஆண்டுப் பத்திரத்தைத் தள்ளி, அதிபருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். தருமசாலைக்குப் புதிய நிர்வாக ஒழுங்கு ஏற்பட்டது. 1855இல் அந்தோனி ட்ரொலப் எழுதி வெளியிட்ட ‘தி வார்டன்’ என்ற நாவலும் இத்தகைய தருமசாலை ஒன்றின் அதிபருடைய மனச்சாட்சியைப் பற்றியதே. திருச்சிலுவைத் தருமசாலையின் பெயரும் அதில் வருகிறது.

நம்முடைய வாசல்

பிரியமானவர்களே, தருமசாலையைச் சுற்றிப் பார்த்தாயிற்று. இனி நம்முடைய வீடுகளுக்குத் திரும்புவோம். நம் வீட்டிலும் ஒரு வாசல் இருக்கிறது. உள்ளே ஒரு மேசை இருக்கிறது. மூன்று காரியங்களை உங்கள் மனச்சாட்சியின் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, நம் வீட்டு முதியவர்கள். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். மாதந்தோறும் காசு வருகிறது. அந்தக் காசிலே கட்டிய பெரிய வீட்டின் ஒரு மூலையில் அப்புவோ ஆச்சியோ தனியே இருக்கிறார். காசு அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. பனியிலும் குளிரிலும் இரட்டை வேலை செய்து அனுப்பும் பிள்ளைகளின் வியர்வையைத் தேவன் அறிவார். ஆனால் காசு மாத்திரம் போகும்போது, பெற்றோர் வாசலிலே தருமம் வாங்கும் வழிப்போக்கராகிவிடுகிறார்கள். ஒரு வார்த்தை கேட்பது, ஒரு தீர்மானத்துக்கு முன் அவர்களுடைய எண்ணத்தை அறிவது, “அம்மா, எங்களுக்காக ஒரு செபமாலை சொல்லுங்கோ” என்று வேண்டுவது, இவையே அவர்களை வீட்டுக்குள் இருத்தும் செயல்கள். உள்ளூரில் ஒரே கூரையின் கீழ் வாழும் பிள்ளைகளும் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும். சாப்பாட்டுக் கோப்பையை அறைக்குள் நீட்டிவிட்டு வருகிறோமா, அல்லது மேசையிலே ஒரு கதிரை இழுத்துப் போடுகிறோமா? முதியோர் இல்லத்திலே பெற்றோரை விடவேண்டிய நிலை சிலருக்கு வரலாம். அது தன்னிலே பாவமல்ல. அங்கே கொண்டுபோய் விட்டபின் மறந்துவிடுவதே பாவம். பாப்பரசர் பிரான்சிஸ் 2021இல் பாட்டன் பாட்டிமாருக்கும் முதியோருக்கும் என்று உலக நாள் ஒன்றை ஏற்படுத்தி, யூலை மாதத்து நான்காம் ஞாயிறை அதற்கு ஒதுக்கினார். அந்த ஒரு நாளையாவது நாம் மறவாதிருப்போம்.

இரண்டாவது, ஏழையின் பெயர். செவ்வாய்க்கிழமையிலே புனித அந்தோனியார் கோவில் வாசலில் இருப்பவருக்கு நாம் காசு போடுகிறோம். அந்தக் கையை ஆண்டுக்கணக்காய்ப் பார்த்திருக்கிறோம், முகத்தைப் பார்த்தோமா? பெயரைக் கேட்டோமா? ஆண்டவர் செல்வந்தனின் பெயரைச் சொல்லவில்லை, ஏழையின் பெயரைச் சொன்னார். திருச்சிலுவைத் தருமசாலையிலே ஏழைக்கு ஓர் அங்கியும் நெஞ்சிலே வெள்ளிச் சிலுவையும் ‘சகோதரர்’ என்ற அழைப்பும் கிடைத்தன. நம்மிடம் வெள்ளி இல்லாமற் போகலாம். பெயர் சொல்லி அழைக்க வெள்ளி தேவையில்லை. நம் பங்கிலுள்ள வின்சென்ற் டி போல் சபையார் ஏழைகளின் வீடுகளுக்கே போய்ச் சந்திக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஏழையை நம் வாசலுக்கு வரவிடாமல் நாமே அவன் வாசலுக்குப் போவது அது. ஒரு ஞாயிறு மாலையில் உங்கள் பிள்ளைகளையும் அவர்களோடு அனுப்புங்கள்.

மூன்றாவது, ஏழையின் காசு. கோவில் உண்டியலிலே விழும் ஏழையர் காணிக்கை, நிவாரணமென்று வெளியூரிலிருந்து வரும் பணம், இறந்தவர் நினைவாகத் தருமத்துக்கு எழுதிவைத்த காணி ஆகியவை எவருடைய கையால் பரிபாலிக்கப்பட்டாலும் கையின் சொந்தக்காரருக்கு உரியவை அல்ல. குருக்களாகிய நாங்களும், சங்கங்களின் தலைவர்களும், பொருளாளர்களும் இதை நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டும். நத்தாருக்கு நூறு பேருக்குச் சோறு கொடுத்துப் படம் எடுத்துப் போட்டாலும், கணக்குப் புத்தகம் சுத்தமில்லையென்றால், அது கொம்புக் குவளையிலே கொடுத்த பியர்தான். கணக்குக் கேட்பவனைப் பகைவனென்று எண்ணாதிருங்கள். ஆயர் வில்லியம் கணக்குக் கேட்டிராவிட்டால் அந்தத் தருமசாலை அன்றே அழிந்து போயிருக்கும்.

இறுதி வாசல்

உவமையின் முடிவை மீண்டும் நினையுங்கள். இடம் மாறிவிட்டது. லாசர் ஆபிரகாமின் மடியிலே, உள்ளே இருக்கிறான். செல்வந்தன் வெளியே நின்று ஒரு துளி தண்ணீர் கேட்கிறான். பூமியிலே எவனை வாசலில் விட்டானோ, அவனிடமே இப்போது இரந்து நிற்கிறான். லாசர் என்ற பெயர் அவனுக்குத் தெரிந்தேயிருந்தது என்பதும் அப்போதுதான் வெளியாகிறது!

நாம் ஒவ்வொருவரும் ஒரு நாள் அந்த வாசலிலே வழிப்போக்கராய் நிற்கப் போகிறோம். கையிலே ஒன்றும் இராது. இறந்தோரைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும்போது திருச்சபை தொன்றுதொட்டுச் சொல்லிவரும் செபத்திலே இந்த லாசரின் பெயர் வருகிறது. மரித்த ஆன்மா அவனோடுகூட இளைப்பாற்றி அடைய வேண்டுமென்று திருச்சபை மன்றாடுகிறது. அரசனுக்கும் அதே செபம், பாப்பரசருக்கும் அதே செபம், நமக்கும் அதே செபம். அந்த ஏழையின் துணையோடு நாம் உள்ளே போக வேண்டுமானால், இன்று அவனை நாம் உள்ளே அழைத்திருக்க வேண்டாமா?

இந்தக் கிழமையில், உங்கள் வீட்டிலோ அயலிலோ, வாசலிலேயே நின்றுவிட்ட ஒருவர் யாரென்று குடும்பமாய் உட்கார்ந்து யோசியுங்கள். அவருடைய பெயரைச் சொல்லி இராச் செபத்திலே மன்றாடுங்கள். பின்பு எழுந்துபோய் அவரை அழைத்து வந்து மேசையில் இருத்துங்கள். பசித்தோரின் உருவிலே நம் வாசலைத் தட்டும் யேசு, தமது பிதாவின் வீட்டு வாசலை நமக்குத் திறந்தருள்வாராக. ஆமென்.